தேக்கடிக்குப் போகும் வழியில் கம்பம்: இரண்டு நாள் தங்கிப் பார்க்கலாமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து தேக்கடிக்கு இதுவரை நான்கு முறை சென்றிருக்கிறோம். நான்கு முறையும் கம்பத்தில் காப்பி குடிக்க வண்டியை நிறுத்தியதோடு சரி. சென்ற முறை, ஊருக்கு வெளியே சாலையோரத்தில் தலைக்கு மேலே கூரை போட்டதுபோல் விரிந்து கிடந்த திராட்சைப் பந்தல்களைப் பார்த்த என் பத்து வயது மகள் "உள்ளே போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, திரும்பும்போது இருட்டிவிட்டதால் நிற்காமலேயே வந்துவிட்டோம். அந்தக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது.

இந்த முறை ஜூலை முதல் வாரத்தில் இரண்டு இரவுகள் கம்பத்திலேயே தங்கி, ஊரையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் மட்டும் தேக்கடியை ஒட்டிய குமுளிக்கு ஏறலாம் என்று நினைக்கிறேன். என் பெற்றோரும் உடன் வருகிறார்கள். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. மேலூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்தவர், படியேறுவது அவருக்குச் சிரமம். விவசாயத்தை நம்பி இருக்கும் ஒரு சிறிய ஊரில் இரண்டு நாள் தங்கும் அளவுக்கு என்ன இருக்கிறது என்று அங்கே வாழ்பவர்களும் சென்று வந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஊர்சுற்றி எழுதியது:

நண்பரே, உங்கள் ஆர்வத்தைக் குறைக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஆனாலும் கம்பம் சுற்றுலா ஊர் அன்று என்பதைத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். அது சந்தையும் மண்டிகளும் பேருந்து நிலையமும் சேர்ந்த வணிக ஊர். விடுதிகள் பெரும்பாலும் வியாபாரத்துக்காக வந்து ஓர் இரவு தங்குபவர்களுக்காகக் கட்டப்பட்டவை. சன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்ற எதிர்பார்ப்போடு போனால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். குழந்தையும் முதியவர்களும் வருவதால், ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் மேலே ஏறி குமுளியில் தங்கிக்கொண்டு, விருப்பமிருந்தால் ஒரு முற்பகல் மட்டும் கீழே இறங்கி வந்து பார்ப்பதே வசதியாக இருக்கும்.

மலையடிவாரம் எழுதியது:

நான் கம்பத்துக்காரன். விடுதிகளைப் பற்றி ஊர்சுற்றி சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனால் குமுளியில் தங்கிக் கீழே எட்டிப் பார்க்கலாம் என்ற யோசனை, இந்தப் பகுதியைத் தலைகீழாகப் பார்ப்பதில் போய் முடியும். தேக்கடியில் நீங்கள் படகில் செல்லும் ஏரி எதற்காக உண்டானது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அது 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது தேங்கிய நீர். நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் ஏரிக்குள் நின்றுகொண்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிடுவதற்காகவே அந்த அணை எழுந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஏரி. எங்களுக்கு அது கண்மாய். கண்மாயை நான்கு முறை பார்த்துவிட்டீர்கள், வயலை இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகையால் என் யோசனை, தண்ணீர் வரும் வழியிலேயே நீங்களும் வாருங்கள் என்பதுதான். முதல் நாள் காலையில் கூடலூரைத் தாண்டி லோயர்கேம்ப்புக்குச் செல்லுங்கள். மலையிலிருந்து பெருங்குழாய்கள் சரிந்து இறங்குவது தொலைவிலிருந்தே தெரியும். சுரங்க வழியாக வரும் நீர் அவற்றின் வழியே விழுந்து மின் நிலையத்தில் விசையாழிகளைச் சுழற்றிவிட்டு ஆற்றில் கலக்கிறது. மின் நிலையத்துக்குள் அனுமதி இல்லை. வெளியிலிருந்து பார்ப்பதே போதுமானது. அங்கேயே அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் இருக்கிறது. 2013 சனவரி 15 அன்று, அவருடைய பிறந்த நாளில், திறக்கப்பட்டது. ஓர் ஆங்கிலேயப் பொறியாளரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பதும், அவர் படத்தை வீட்டில் மாட்டுவதும், பாலார்பட்டியில் அவர் பெயரில் பொங்கல் வைப்பதும் வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம். வெள்ளம் கட்டுமானத்தை அடித்துக்கொண்டு போன பிறகும் விடாமல் மறுபடி கட்டிய மனிதர் அவர். அந்த நீரை நம்பி நான்கைந்து தலைமுறை உழுதிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் வியப்பு குறைந்துவிடும்.

லோயர்கேம்ப்பிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகப் பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம். அணையின் நீர்மட்டம் இடங்கொடுத்தால் ஜூன் முதல் நாளில் தண்ணீர் திறப்பது வழக்கம். நீங்கள் ஜூலை முதல் வாரம் வருவதாகச் சொல்கிறீர்கள். தண்ணீரை உரிய நாளில் திறந்திருந்தால் சில வயல்களில் நாற்றங்கால் பச்சையாக நிற்கும், சிலவற்றில் தொழி கலக்கிக்கொண்டிருப்பார்கள், சிலவற்றில் நடவே தொடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வந்து சாரலாகத் தூவும் பருவம் அது. மதிய வெயிலிலும் காற்று குளிர்ச்சியாக இருக்கும். குடை மட்டும் நிற்காது.

பந்தல்நிழல் எழுதியது:

சுருளிப்பட்டிப் பக்கம் எனக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அந்தச் சிறுமியின் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே விளைவது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. கருநீலத் தோல், உள்ளே விதை, வாயில் போட்டால் ரோசாப்பூ வாசம். 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராட்டிரத்தில் ஆண்டுக்கு ஒரு முறைதான் அறுவடை. இங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் கொடி உறங்குவதே இல்லை. கவாத்து செய்த, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிட்ட, நாளிலிருந்து ஏறத்தாழ 120 நாளில் பழம் வெட்டிவிடலாம். ஒவ்வொரு தோட்டக்காரரும் வெவ்வேறு மாதத்தில் கவாத்து செய்வதால், ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டேயிருக்கும். அதனால் ஒரே மாலையில், கொடி மொட்டையாக நிற்கும் தோட்டத்தையும், பூவெடுத்த தோட்டத்தையும், கொத்து கறுத்துத் தொங்கும் தோட்டத்தையும் அடுத்தடுத்துக் காட்டிவிட முடியும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கல்தூண் நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே கம்பி வலை பின்னி, அதன்மேல் கொடியைப் படர விடுவதுதான் பந்தல். உள்ளே நுழைந்ததும் வெயில் சட்டென்று பச்சையாக மாறிவிடும். உயரமானவர்கள் சற்றுக் குனிந்து நடக்க வேண்டியிருக்கும். உங்கள் மகள் நிமிர்ந்தே நடக்கலாம்.

தோட்டத்தைப் பார்க்க வருபவர்களை நாங்கள் வேண்டாம் என்பதில்லை. ஆனால் கேட்டுவிட்டு உள்ளே வாருங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் வேலியைத் தாண்டி வந்து, கொத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பவர்களால்தான் மனக்கசப்பு. தோலின் மேல் படிந்திருக்கும் வெண்சாம்பல் போன்ற மெல்லிய பூச்சு விரல் பட்டால் அழிந்துவிடும். அது அழிந்த கொத்துக்கு மண்டியில் விலை இறங்கும். பார்ப்பவருக்கு ஒரு நொடி விளையாட்டு, எனக்கு அது கூலி.

வைகைக்கரை எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. ஒரு சிறிய சந்தேகம். கொடியிலிருந்தே பறித்து அப்படியே சாப்பிடக் கொடுப்பார்களா? மகள் அந்தக் கனவில்தான் இருக்கிறாள்.

பந்தல்நிழல் எழுதியது:

கொடுத்தாலும் கழுவாமல் சாப்பிட வேண்டாம். அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய் என்று மழைக்காலத்தில் எது வேண்டுமானாலும் வரும் என்பதால் மருந்து தெளிக்காமல் இந்தப் பயிரை எடுப்பது கடினம். அறுவடைக்கு முன் இத்தனை நாள் தெளிக்கக்கூடாது என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தோட்டக்காரருக்குத்தான் தெரியும். மருந்து அடித்த வாசம் வந்தால் குழந்தையோடு உள்ளே போகவே வேண்டாம். அறுவடை நடக்கும் தோட்டமாகப் பார்த்து வாங்கி, அறைக்குச் சென்று நன்றாகக் கழுவிக் கொடுங்கள். தோல் மெல்லியது, நாள் தாங்காது. ஊருக்கு வாங்கிப் போவதானால் கடைசி நாள் வாங்குங்கள். ஐப்பசி அடைமழையில் வந்து பழம் வெடித்திருக்கிறதே என்று சிலர் குறைப்படுகிறார்கள். பழுக்கும் நேரத்தில் மழை விழுந்தால் அது வெடிக்கத்தான் செய்யும்.

வளைவுப்பாதை எழுதியது:

மேகமலையை யாரும் சொல்லவில்லையே! சின்னமனூரிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள், மேலே தேயிலைத் தோட்டங்கள், இடையிடையே அணை நீர்த்தேக்கங்கள். காலையில் சுருளி அருவி, பிற்பகலில் மேகமலை என்று ஒரே நாளில் முடித்துவிடலாம்.

மலையடிவாரம் எழுதியது:

தம்பி, நீங்கள் தனியாக இருசக்கர வண்டியில் சென்றிருப்பீர்கள். முதியவர்களோடு வருகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லாதீர்கள். மேகமலை 2021-இலிருந்து திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அடிவாரத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது, இரவில் வண்டிகளை விடுவதில்லை. பிற்பகலில் ஏறத் தொடங்கினால், இறங்க வேண்டிய நேரத்துக்குத்தான் மேலே போய்ச் சேர்வீர்கள். மேகமலைக்கு ஒரு முழு நாள் வேண்டும். சாரல் மாதத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அந்த முழு நாளிலும் முன்னால் போகும் பேருந்தின் பின்விளக்கு மட்டுமே தெரியும். வைகைக்கரை அவர்கள் இந்த முறை அதை விட்டுவிடலாம்.

மேலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்க ஆசைப்பட்டால் கம்பம்மெட்டுச் சாலையில் சில வளைவுகள் ஏறினாலே போதும். கீழே வயலும் தென்னந்தோப்பும் பந்தலும் கட்டம் கட்டமாகத் தெரியும். இன்னும் மேலே, கேரளத்துக்குள் நெடுங்கண்டம் அருகில் உள்ள ராமக்கல்மேட்டுக்குச் சென்றால் செங்குத்தான பாறை விளிம்பிலிருந்து எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஆனால் அங்கே காற்று ஆளைத் தள்ளும், உங்கள் அப்பாவுக்கு வேண்டாம். சபரிமலைப் பருவத்தில் வருபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கார்த்திகை, மார்கழியில் நெரிசலைக் குறைக்கக் குமுளி மலைச்சாலையையும் கம்பம்மெட்டுச் சாலையையும் ஒருவழிப்பாதையாக மாற்றிவிடுவார்கள், நினைத்த வழியில் ஏறவோ இறங்கவோ முடியாது.

சுருளி அருவி கம்பத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. நுழைவாயிலிலிருந்து சற்றுத் தொலைவு நடக்க வேண்டும், கடைசியில் படிகள் உண்டு. தை, ஆடி அமாவாசைகளில் முன்னோர்க்குத் திதி கொடுக்க வரும் கூட்டம் மிகுதி. ஜூலையில் நீர் நன்றாக விழும். மிக நன்றாக விழுந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். யானைகள் அருவிப் பக்கம் வந்தாலும் அடைத்துவிடுவார்கள். காலையில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். தடை என்றால் தடைதான். காவலர்களிடம் வாதாட வேண்டாம். 2023 மே 27 அன்று அரிசிக்கொம்பன் எங்கள் ஊர்த் தெருக்களுக்குள்ளேயே வந்துவிட்டது. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டிருந்த யானை அது. ஜூன் 5-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகும் வரை பாதி ஊர் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தது. அதனால் யானை என்றால் எங்களுக்கு வேடிக்கை இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

வெளியூர் மாணவர்களைப் பலமுறை இந்தப் பக்கம் அழைத்து வந்திருக்கிறேன். பயிரையும் மலையையும் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டதால் கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உத்தமபாளையத்தில் திருக்குணகிரி என்ற பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்துகள் உள்ளன. அதிகம் ஏற வேண்டியதில்லை என்பதால் உங்கள் பெற்றோரும் பார்க்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எழுத்தை விரல் நுனித் தொலைவில் காணும் குழந்தை, தமிழை வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கும் என்பது என் அனுபவம். தொட்டுப் பார்க்க விடாதீர்கள், அதுவே போதும். பாண்டியர் வரலாற்றுக்குப் பெரிதும் துணை நிற்கும் சின்னமனூர்ச் செப்பேடுகள் கிடைத்த ஊரும் இதே சாலையில்தான் வருகிறது. செப்பேடுகளை இங்கே காண முடியாது. எனினும் பூலாநந்தீசுவரர் கோயிலுக்குச் சென்றால் அந்த ஊரின் பழமை புரியும்.

கூடலூருக்கு மேலே மலையெல்லையில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று மட்டுமே வழிபாட்டுக்கு அனுமதி. பளியன்குடி வழியாக நடந்து ஏறலாம். குமுளி வழியாக ஜீப்பில் போகலாம். ஜூலையில் அந்த மலையைக் கீழிருந்து காட்டிக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

ஊர்சுற்றி எழுதியது:

இவ்வளவு இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு தயக்கம் இருக்கிறது. நாற்று நடுகிறவர்களைக் காரை நிறுத்தி வேடிக்கை பார்ப்பது எனக்குச் சங்கடமாகவே இருக்கும். அவர்களுடைய பிழைப்பு நமக்குக் காட்சியாகிவிடுகிறதே?

பந்தல்நிழல் எழுதியது:

நியாயமான கேள்வி. விடியற்காலை நான்கு ஐந்து மணிக்குக் கம்பத்தில் எழுந்து தெருவுக்கு வந்தால், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கேரளத்துக்குச் செல்லும் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுவதைப் பார்க்கலாம், மாலையில்தான் இறங்குவார்கள். அதைப் படமெடுத்துப் போடுகிறவர்களை நான் விரும்புவதில்லை. ஆனால் வரப்பில் நின்று "என்ன நெல் அம்மா?" என்று கேட்கிறவரிடம் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, "நீங்கள் எந்த ஊர், அங்கே என்ன விளையும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்குப் பதில் வைத்துக்கொண்டு வாருங்கள். காரைக் களத்தில் நிறுத்தாதீர்கள், வாய்க்காலில் பாட்டில் போடாதீர்கள்.

பயணச்சீட்டு எழுதியது:

காரில்லாதவர்களுக்காக ஒரு குறிப்பு: கம்பத்துக்கு ரயில் இல்லை. மதுரை–போடி அகலப்பாதையில் தேனி வரை 2022-லும் போடி வரை 2023-லும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டதால், தேனியில் இறங்கி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் போகலாம். குமுளிப் பேருந்துகள் அனைத்தும் கம்பம் வழியாகத்தான் செல்கின்றன.

வைகைக்கரை எழுதியது:

சென்று வந்துவிட்டோம். கேட்டவன் திரும்பி வந்து சொல்லாமல் போவது முறையன்று என்பதால் எழுதுகிறேன்.

விடுதியின் சன்னலைத் திறந்தால் ஊர்சுற்றி சொன்ன அதே சுவர். சுருளியில் நீர் மிகுந்து குளிக்கத் தடை, நுழைவாயிலிலிருந்தே திரும்பினோம். அந்த நேரத்தில் திருக்குணகிரிக்குச் சென்றோம். மகள் வட்டெழுத்தைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்தபோது ஆட்டுக்குட்டி ஒன்று வந்து குறிப்பேட்டின் ஓரத்தைத் தின்றுவிட்டது. திராட்சைத் தோட்டத்தில் கேட்டுவிட்டுத்தான் நுழைந்தோம். ஒரு கொத்தில் எத்தனை பழம் என்று எண்ணத் தொடங்கியவள் எண்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

நான் எதிர்பாராதது லோயர்கேம்ப்பில் நடந்தது. அப்பாவின் நிலம் மேலூரில், பெரியாற்றுப் பாசனத்தின் கடைமடையில் இருந்தது என்பதை முதலிலேயே விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆவணியா புரட்டாசியா, வருமா வராதா என்று அவர் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தது இதே தண்ணீருக்காகத்தான். ஆனால் அது மலையிலிருந்து இறங்கும் இடத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லையாம். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மணிமண்டபத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். வெளியே வந்ததும், "இங்கே இவ்வளவு ஓடுகிறதே, எங்களுக்கு வரும்போது ஏன் இவ்வளவாகிறது?" என்று இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார்.

அதே கேள்வியை அன்று மாலை கூடலூர் அருகே வரப்பில் நின்ற ஒரு பெரியவரிடமும் கேட்டுவிட்டார். அவர் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 142 அடி, 152 அடி என்று தொடங்க, அப்பா வைகை அணைக் கணக்கை எடுக்க, முறைப்பாசனம், பதினெட்டாம் கால்வாய் என்று இருவரும் இருட்டும் வரை வாதாடினார்கள். மகள் காரில் தூங்கிவிட்டாள். கிளம்பும்போது அந்தப் பெரியவர் நாற்று முடி ஒன்றை அப்பாவின் கையில் கொடுத்தார். நிலத்தை விற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அது மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு வாளித் தண்ணீரில் நிற்கிறது. மூன்றாம் நாள் தேக்கடிப் படகில் அப்பா மானையும் பார்க்கவில்லை, யானையையும் பார்க்கவில்லை. பட்ட மரங்களில் நீர் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டு வந்தார்.